நடுவில் வாசித்த கிட்டார்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால், ‘எங்கேயோ ஒயர் லூசாக இருக்கும், பாருங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆள் நான். காரணமில்லாமல் ஒரு சத்தம் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. எர்த் சரியிருக்காது, இல்லாவிட்டால் டேப் ஹெட்டில் அழுக்கு இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

எண்பதுகளின் நடுவில் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த, ஒரே டேப்பில் நாலு சத்தத்தைத் தனித்தனியாகப் பதிகிற நாலு டிராக் ரெக்கார்டரும், டிராக்குக்கு டிராக் தனி ஈக்குவலைசர் வைத்த மிக்சரும் இருந்தன. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கற்றதுதான். பஸ் டிரைவர்கள் வந்து, “பாய், பாட்டு வவுத்துல குத்தணும், காதுல கிள்ளணும்” என்பார்கள். அதனால் ஈக்குவலைசரில் அடிச்சத்தம், கீச்சுச்சத்தம் என்ற இரண்டு ஓரத்தையும் ஏற்றி நடுச்சத்தத்தை இறக்கி, பட்டன்களைச் சிரிக்கிற வாய் மாதிரி வைப்பதே எங்கள் ஊர்க் கடைகளின் வழக்கம்.

பென்னாகரம் பக்கத்துச் சர்ச் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசித்த அருளும் அவன் அக்கா ரெஜினாவும் ஒரு மத்தியானம் வந்தார்கள். சேலத்தில் இசைக்குழு நடத்துகிற ஒருவர், கேசட்டில் கேட்டுத்தான் ஆள் எடுப்பேன் என்று அருளிடம் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் அவன் மாமாவோடு போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போகவேண்டும், அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். இரும்பு பைப் தூக்கிக் காய்த்துப்போன கை மறுபடி கிட்டாருக்கு வளையாது என்று அவனுக்குத் தெரியும். சாயங்காலம் மொரப்பூரில் சேலம் ரயில் ஏறுகிற சொந்தக்காரர் ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தாகவேண்டும் என்பதால் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான்.

அருளின் கிட்டார், ரெஜினாவின் கிட்டார், பிறகு அவளே வாசித்த கீபோர்டு, அவள் குரல், ஒவ்வொன்றையும் தனி டிராக்கில் பதிந்தேன். பழக்கத்தில் கை சிரிக்கிற வாயை வைத்துவிட்டது, கிட்டார் இருக்கிற இடமே தெரியவில்லை.

“பாய், நான் வாசிச்சேனா இல்லீங்களா?” என்றான் அருள்.

“வாசிச்சடா, கெணத்துக்குள்ள உக்காந்து” என்றாள் ரெஜினா.

அப்போதுதான் உறைத்தது, கிட்டார் குடியிருக்கிற நடுவைத்தானே நான் இறக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கலைத்தேன். கிட்டார் இரண்டிலும் அடியில் கிடந்த கும்மென்ற சத்தத்தைக் குறைத்தேன், கீபோர்டில் நடுவை வெட்டி வழிவிட்டேன், அருளின் கிட்டாரில் நகம் கம்பியைத் தொடுகிற பகுதியைக் கொஞ்சம் ஏற்றி ரெஜினாவுடையதில் அதே பகுதியை இறக்கினேன். அவன் வலது பக்கம், அவள் இடது பக்கம், தண்ணீர் தெளிந்த மாதிரி இரண்டும் பிரிந்து நின்றன.

நடுவில் மூன்றாவதாக ஒரு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது.

“இது ஆருங்க பாய்?” என்றான் அருள்.

ஒவ்வொரு டிராக்காகத் தனியே ஓட்டினேன், எதிலும் அது இல்லை. நாலையும் சேர்த்தால் வந்தது. பட்டன்களைப் பழையபடி வைத்தால் அது மறைந்தது, ஆனால் அருளும் கிணற்றுக்குள் போய்விட்டான். தெளிவு வேண்டுமென்றால் அதையும் சேர்த்தே அனுப்பியாக வேண்டும், நேரமோ போய்க்கொண்டிருந்தது. ரெஜினாதான் சொன்னாள், “கூட ஒன்னு இருந்தா இருந்துட்டு போவட்டும் பாய். எந்தம்பி வாசிக்கிறது கேக்கணும், அவ்ளோதான்.” அப்படியே கேசட்டில் காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

சேலம் போன சொந்தக்காரர் பதிலோடு திரும்பினார். ஓரத்தில் இருக்கிற ரெண்டு பேரும் பரவாயில்லையாம், நடுவில் வாசிக்கிறவரை வரச் சொன்னாராம்.

நம்பினால் நம்புங்கள், அருள் மறுநாளே கிட்டாரோடு கடைக்கு வந்துவிட்டான், கூடவே அக்காவும். அந்த நடு வாசிப்பைப் படித்துக்கொண்டு போய் நிற்பது என்று முடிவு செய்திருந்தான். முன்னறையில் தரையில் உட்கார்ந்து நாலு டிராக் டேப்பையே ஓட்டிக் கேட்டோம். எல்லாம் பிடிபட்டது, பாட்டின் பாதியில் வேகமாக ஓடுகிற ஒரு இடம் மட்டும் விரலுக்கு வரவில்லை.

“இத மட்டும் மெதுவா ஓட்ட முடியாதுங்களா?”

“டேப்பு ஒன்னுதானப்பா, எல்லாமே சேந்து இழுக்கும்” என்றபடி மறுபடி பின்னால் சுற்றி ஓட்டினேன்.

குரல் அதே வேகத்தில் போயிற்று, கீபோர்டும் அதே வேகத்தில் போயிற்று. நடுவில் இருந்த கிட்டார் மட்டும் அந்த இடத்தை மெதுவாக, ஒவ்வொரு சுரமாக விட்டு விட்டு வாசித்தது. அப்புறம் இன்னொரு தடவை. அருள் தலை நிமிராமல் கூடவே விரலை நகர்த்தினான், வந்துவிட்டது.

அவனுக்குச் சேலத்தில் இடம் கிடைத்தது, போர்வெல் லாரி வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு முன்னறையில், அருள் அந்த வேகமான பகுதியைச் சரியாக வாசித்து முடித்த உடனே ஸ்பீக்கரில் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்துகிற சத்தம் கேட்டது, அடுத்து கிட்டாரை வெறும் சிமெண்ட் தரையில் வைக்கிற சத்தம். ரெக்கார்டிங் அறைத் தரை முழுக்க நான் கோணிச்சாக்கு விரித்திருந்தேன். சிமெண்ட் தரை, நாங்கள் உட்கார்ந்திருந்த முன்னறையில்தான். பாட்டு இன்னும் பாதி பாக்கி இருந்தது, அதில் இரண்டு கிட்டார் மட்டும்தான் கேட்டது. நானும் அருளும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரெஜினா எங்களுக்கு நடுவில் இருந்த தரையைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, எழுந்து போகிற ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி காலை மடக்கிக்கொண்டாள்.