பொரி போட்ட கொழுந்தன்

சகாயம்மாள் அக்காவின் முக்கால் ஏக்கரும் எங்கள் வயலும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். லால்குடி பஸ் போவது அங்கிருந்து தெரியும். 1978இல் கணவர் இறந்த பிறகு அக்கா அந்த நிலத்தில் தனியாகத்தான் இருந்தாள். கீரைக்கட்டுகளோடு டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் தேங்காயோ கத்தரிக்காயோ திருட்டுப் போயிருக்கும். காவலுக்கு இருந்த நாய்க்கும் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்.

அவளுடைய கொழுந்தன் அடைக்கலராஜ் தென்னூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார். நல்ல மனிதர்தான்.

"அண்ணி, தனியா இதைக் காப்பாத்த முடியாது. குத்தகைக்கு விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க தம்பி" என்றாள் அக்கா. அந்த மண்ணை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

அவள் கீரை கொடுக்கும் பங்களா ஒன்றில் சீமை வாத்துகள் இருந்தன. புது ஆள் வந்தால் நீளக் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டு பாயும். நாய்க்குப் பதில் காவலுக்கு ஆகும் என்று அங்கே ஐந்து முட்டை கேட்டு வாங்கிவந்து அடைக்கோழிக்கு வைத்தாள். அவ்வளவு கனமான முட்டையைக் கோழியால் புரட்ட முடியவில்லை. தினமும் மூன்று வேளை அவளே கையால் புரட்டினாள். கோழி முட்டைக்கு இருபத்தோரு நாள், இதற்கு முப்பது. இருபத்தைந்தாம் நாள் கோழி எழுந்து போகப் பார்த்தது. "இன்னும் அஞ்சே நாள்டி, ஒக்காரு" என்று அலகுக்கு நேரே நொய்யை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். களை எடுத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்கு பொரித்தன. தண்ணீரில் வாழும் ஜீவன்தானே என்று மூன்றாம் நாளே வாய்க்காலில் விட்டாள். தாய் வாத்தின் இறகுக்குள் வளரும் குஞ்சுக்குத்தான் மேலில் எண்ணெய்ப் பசை ஒட்டும்; கோழியின் அடியில் பொரித்தவற்றுக்கு அது இல்லை. ஒன்று நனைந்து விறைத்துச் செத்துப்போனது. மற்ற மூன்றையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு அன்று முழுக்க அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. அதன் பிறகு இறகு முளைக்கும்வரை அவற்றுக்குக் குடிக்க மட்டுமே தண்ணீர். தவிடும் நறுக்கிய கீரையும் தின்று, பிறகு அருகம்புல் மேய்ந்து, அவள் போன இடமெல்லாம் வரிசையாகப் பின்னாலேயே நடந்தன.

அடைக்கலராஜுக்கும் அவற்றைப் பிடித்துப்போயிற்று. வாராவாரம் திருவானைக்காவலில் இறங்கி ஒரு பொட்டலம் பொரி வாங்கிவருவார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, அவர் சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்க வேலியைத் தாண்டி உள்ளே குதித்தார். மூன்று வாத்தும் ஓடிவந்து, மெல்ல முனகிக்கொண்டே அவர் சட்டைப் பையைத் துழாவின. விழுந்து கிடந்த தேங்காய் ஒன்றை எடுத்துப் போய் வாசற்படியில் வைத்தார்.

"அண்ணி! திருடன் வந்துட்டான். உங்க போலீஸ்காரங்க சலாம் போடுறாங்க."

அக்கா தேங்காயைப் பார்த்தாள். பிறகு அவர் பையைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா பொரி போட்டு வளர்த்தது யாரு? அதுங்களுக்கு நீங்க இந்த வீட்டு ஆளு. வீட்டு ஆளைப் பார்த்து எதுக்குக் கத்தும்?"

"அதெல்லாம் சமாளிப்பு அண்ணி."

"வேற ஆளை அனுப்பிப் பாருங்க. சும்மா இருந்துச்சுங்கன்னா அன்னைக்கே பெட்டியைக் கட்டுறேன்."

களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டேன். இவ்வளவு துணிச்சலாக அவள் பந்தயம் கட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு, கூட வேலை பார்க்கும் பிலோமின்ராஜை அழைத்துவந்து முதலில் உள்ளே போகச் சொன்னார். வேலிக்கு உள்ளே ஒரு கால்தான் வைத்திருப்பார். எழுந்த சத்தத்தில் தூரத்து வயலில் நடவு நட்டவர்களெல்லாம் நிமிர்ந்துவிட்டார்கள்.

"அடைக்கலம், கூப்பிடுய்யா இதுங்களை! பேண்ட் போச்சு!"

அடைக்கலராஜ் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா வந்து "போதும், விடுங்க" என்றதும்தான் மூன்றும் பின்வாங்கின. கிழிந்த பேண்ட்டை அவளே தைத்துக் கொடுத்தாள்.

குத்தகைப் பேச்சை அடைக்கலராஜ் எடுக்கவேயில்லை. கிளம்பும்போது பொரிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்கங்க அண்ணி. பிலோமின் கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க. அவனும் வீட்டு ஆளாயிடுவான்."