புளிப் பாக்கெட்டில் என் பெயர்

கொட்டை எடுத்த புளியை அரைக்கிலோ பாக்கெட்டாகப் போட்டு விற்கலாம் என்று முடிவானபோது, யார் பெயரில் விற்பது என்று என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. என் பெயரைத்தான் போட்டார். அதுவும் சிவப்பு மையில், புளி என்ற சொல்லைவிடப் பெரிய எழுத்தில். எங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயர் அவ்வளவு பெரிதாக வரவில்லை. “இதென்னங்க கூத்து?” என்று வெளியே சிடுசிடுத்தேனே தவிர, பென்னாகரம் கடைகளில் அது தொங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புளி நிறுத்துக் கொடுத்தால், தட்டு சமமான பிறகு மேலே ஓர் உருண்டை வைக்க வேண்டும். வைக்காதவர் வீட்டுப் பக்கம் அடுத்த வருஷம் யாரும் போக மாட்டார்கள். இவர் பாக்கெட்டுக்கும் அதையே செய்தார். அரைக்கிலோ நிறுத்து, கூட ஓர் உருண்டை போட்டுத்தான் வாயை ஒட்டுவார். விலை, கட்டிய மாதம், குறை சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று அச்சுக்கடைக்காரர் எடுத்துச் சொன்னார். இவர் கேட்கவில்லை.

“கொறைச்சுக் குடுக்கறவனுக்குத்தாங்க சட்டம். கூடக் குடுக்கறவன எவன் கேக்கப் போறான்?”

கேட்டார்கள். கடைகளில் சோதனைக்கு வந்த அதிகாரி எங்கள் பாக்கெட்டுகளை நிறுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாமே எடை கூடுதல். பிறகு திருப்பிப் படித்திருக்கிறார். என் பெயர், ஊர், அரைக்கிலோ என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவருக்கோ முகமே செத்துவிட்டது. களி உருண்டையைக் குழம்பில் தொட்டு வாயருகே கொண்டுபோனவர் அப்படியே தட்டில் வைத்துவிட்டார். “உம்பேர்ல கேஸ் வந்துருச்சே” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நோட்டீஸ் அனுப்பிய தர்மபுரி ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரியம்மா உட்காரச் சொல்லியும் இவர் உட்காரவில்லை.

“மேடம், அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நிறுத்தது நானு, ஒட்டனது நானு. கேஸ எம்மேல போட்டுக்கங்க.”

எனக்கா ஒன்றும் தெரியாது என்று சண்டைக்குப் போக வாயெடுத்தேன். போனால் கேஸ் பலமாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

“பாக்கெட்ல யார் பேரு இருக்கோ அவங்கதாங்க பொறுப்பு,” என்றார் அதிகாரி. “எடை கூட இருக்கறது தப்பில்ல. ஆனா எப்பக் கட்டினது, என்ன விலை, கெட்டுப்போயிருந்தா யாரைக் கேக்கறதுன்னு வாங்கறவங்களுக்குத் தெரியணுமில்லீங்களா?”

முதல் தடவை என்பதால் தப்பை ஒத்துக்கொண்டு கட்டணம் கட்டினால் இதோடு முடிந்துவிடும் என்றார். கட்டாவிட்டால் கோர்ட்டு. மறுபடி மாட்டினால் அபராதம் ஏறும், அதற்கு மேலும் தொடர்ந்தால் ஜெயில்வரைகூடப் போகலாம். ஜெயில் என்றதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோயில் திருவிழாக் கூட்டத்தில்கூட என் கையைப் பிடிக்காதவர் ஆபீசில், அத்தனை பேர் முன்னால் பிடித்தார். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

கட்டணத்தைக் கட்டினோம். ஒப்புதல் கையெழுத்தை நான்தான் போட வேண்டியிருந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

திரும்பும் பஸ்ஸில், “உம்பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டுடறேன்” என்றார்.

“விக்கறப்ப மட்டும் எம்பேரு வேணும், நோட்டீஸ் வந்தா வேண்டாமா? அது அங்கயேதான் இருக்கும்” என்றேன்.

புது பாக்கெட் அச்சாகி வந்தது. விலை இருந்தது, மாதம் இருந்தது. என் பெயர் அதே சிவப்பில், அதே அளவில் இருந்தது. குறை சொல்வதற்கான நம்பர் மட்டும் இவருடையது. நான் கூப்பிட்டாலே போனை எடுக்காத மனிதர்!

“நாந்தானே வூட்டுல இருக்கறன், எந்நம்பரப் போட்டா என்னவாம்?” என்று கேட்டேன்.

பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “பேரு உன்னுதா இருக்கட்டும். திட்டு எனக்கு வரட்டும்.”