எட்டு மணியிலிருந்து எட்டு இருபது வரை

என் தங்கை துளசி டிரம்ஸ் வாசிப்பவள். வயது இருபத்தாறு. மலேசியாவில், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் மரம் வெட்டினார். இவள் பத்து காஜா ஊர்த் தொழிற்சாலையில் ரப்பர் கையுறைகளை நூறு நூறாகப் பெட்டியில் அடுக்குகிறாள்.

ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சிறிய கிளப் இருக்கிறது. சினிமாப் பாட்டு கிடையாது. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் ராக் குழுக்கள் வாசிக்கும் இடம். நான்கு வருடமாக ஒரு நிகழ்ச்சி விடாமல் போய், டிரம்ஸ்காரரின் கால் தெரியும் பக்கம் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். வகுப்புக்கு யாரும் அனுப்பவில்லை. நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் பக்கத்து வீட்டு வீரம்மா, "பொம்பளப் புள்ளைக்கு ஏன்டி இந்த இடி?" என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுச் செவுரு தாங்காதா அத்தை?" என்றாள்.

போன சனிக்கிழமை முதன்முறையாக அவளுக்கே மேடை. குழுவில் இரண்டே பேர்: கிதார் வாசித்துப் பாடும் சாந்தினியும் துளசியும். ஆறே முக்காலிலிருந்து இருபது நிமிடம். டிரம்ஸ் கிளப்புடையது, சிம்பல் தட்டுகளை அவரவர் கொண்டுவர வேண்டும். என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அவர்களுக்கு முன்னால் கோலாலம்பூர் குழு. ஆறு நாற்பதுக்கு முடிக்க வேண்டியவர்கள் ஏழு பதினைந்துக்குத்தான் முடித்தார்கள். மக்ரிப் என்னும் அந்திநேரத் தொழுகைக்காக அங்கே ஏழேகாலிலிருந்து எட்டு மணிவரை எல்லாச் சத்தமும் நிற்கும். கூட்டம் சாப்பிட இறங்கிப் போனது.

நிகழ்ச்சியை நடத்தும் தர்மா தலையைச் சொறிந்தார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா. எட்டரைக்குப் பெரிய குழு ஏறணும்."

"எட்டு மணிக்கு நாங்க ஏறுறோம் அண்ணே" என்றாள் துளசி.

"சாப்பிடப் போனவங்க எட்டேகாலுக்கு முன்ன வரமாட்டாங்க. காலி ரூமுக்கா வாசிப்ப?"

"எங்கக்கா இருக்கு. நீங்க இருக்கீங்க. சவுண்டு பாக்குறவரு எங்கயும் போக முடியாது. இருபது நிமிஷம் குடுத்தீங்கல்ல, அது எங்களோடது."

சாந்தினி ஏற்கெனவே கிதார் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக எட்டு மணிக்குத் துளசி முதல் அடி அடித்தாள். கேட்டது மூன்று பேர். ஆயிரம் பேர் நிற்பது போலத்தான் அடித்தாள். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்தது. மூன்றாவது பாட்டில் படிக்கட்டில் காலடிச் சத்தம். எட்டு பதினைந்துக்கு அறை பாதி நிறைந்திருந்தது. அந்தக் கோலாலம்பூர் டிரம்ஸ்காரர் தே ஓ ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தை உறிஞ்ச மறந்து, அவள் கால் தெரியும் பக்கம் நின்றார்.

எட்டு இருபது. கடைசி அடி. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். தர்மாவே கையைத் தூக்கினார்: "வாசி லா! பத்து நிமிஷம் தாரேன்!"

துளசி சிம்பலின் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். கோலாலம்பூர்க்காரர்களைப் பார்த்தபடியே, மைக் இல்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"வேணாம்ண்ணே. அடுத்தவங்க நேரத்த நாங்க எடுக்கறதில்ல."

நான் பையைத் திறந்து பிடித்தேன். ஒவ்வொரு தட்டாக உள்ளே வைத்தாள்.