பத்துக்குப் பூஜ்யம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில், பட்டினப்பாக்கம் கடற்கரைக் குடியிருப்பில். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. நான் ஒரு கல்லூரி மாணவன்.

சிரிக்க வேண்டாம், உண்மைதான். அரசு அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு மந்தைவெளி வீட்டில் பொழுது நகரவில்லை. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு நடக்கும் சமூகவியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அதில் ஐம்பதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பரீட்சை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது கடைசிப் பருவத்தில் வந்த குழு ஆய்வு.

நான்கு பேருக்கு ஓர் ஆய்வு, நால்வருக்கும் ஒரே மதிப்பெண். மீன் விற்கும் குடும்பங்களின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று நாற்பது வீடுகளில் விசாரித்து எழுத வேண்டும். முடிக்காவிட்டால் நால்வருக்கும் பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகும். இருபத்து மூன்று வயதுக்காரர்களுக்கு ஒரு வருடம் பெரிதில்லை. என் வயதில் ஒரு வருடத்துக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?

முப்பத்தெட்டு கேள்விகள் கொண்ட படிவத்தை நானே தயாரித்து, ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக் கொடுத்தேன். குழுவில் ஒருவர் வேளச்சேரித் தம்பி. கணினி நிறுவனத்தில் வேலை. ஐந்து வாரத்தில் வாட்ஸப்பில் நான் நாற்பத்தாறு செய்தி அனுப்பினேன். அவரிடமிருந்து ஒன்பது முறை கட்டைவிரல் படம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. இன்னொருவர் திருவான்மியூரில் வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள். அவருடைய குழந்தைக்கு ஐந்து வாரத்தில் நான்கு முறை காய்ச்சல். மூன்றாமவள் பட்டினப்பாக்கத்துப் பெண். அவளுடைய அம்மாவே அங்கே மீன் விற்கிறவர். அந்தத் தைரியத்தில்தான் நான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தேன். அவளும் ஒரு படிவத்தைக்கூட நிரப்பவில்லை. மற்ற இருவருக்காவது ஏதோ சாக்கு இருந்தது. இவள் அந்தக் குடியிருப்பிலேயே வசிக்கிறாள், பத்துக்குப் பூஜ்யம். இதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

வகுப்பு முடிந்து ஒருநாள் நிறுத்திக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஃபார்ம் வேணாம் அங்கிள். சும்மா போய் உக்காந்து பேசிக்கினு இருந்தா அவங்களே சொல்வாங்க" என்றாள்.

"பேச்சை எப்படியம்மா கூட்டி எழுதுவது?" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அக்காவின் பிரசவத்துக்காகக் காசிமேட்டில் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாகவும், அதுவரை நான் பரீட்சை அட்டையோடு அங்கே போக வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். குழந்தையின் நான்கு காய்ச்சலுக்குப் பிறகு இது குழுவின் ஐந்தாவது சாக்கு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். சமர்ப்பிக்கப் பன்னிரண்டே நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வெள்ளைச் சட்டை, பரீட்சை அட்டை, இரண்டு பேனாவோடு நானே கிளம்பிவிட்டேன். மூன்று நாள் காலைகளில் முப்பத்து நான்கு வீடுகள் முடிந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. "எழுதிக்கோ சார்" என்று வாசலில் நாற்காலி போட்டுப் பதில் சொன்னார்கள். முப்பத்து நான்கில் முப்பத்தொரு வீடுகளில் ஆறு பேர். அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறவர்கள், ஒருநாள்கூட வேறெங்கும் குடியிருந்ததில்லை. என் முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமான விவரத்தை நான் கண்டதில்லை. பெருமையில் எனக்கு வேர்த்தது.

அந்தப் பெருமையில்தான் வியாழக்கிழமை மதியம் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். நாற்பதில் முப்பத்து நான்கை நான் ஒருவனே முடித்துவிட்டேன், பட்டினப்பாக்கத்துப் பெண்ணின் பங்களிப்பு பூஜ்யம், ஆகவே அவள் பெயரைக் குழுவிலிருந்து நீக்கிவிடலாம் என்று எழுதியிருந்தேன். மற்ற இருவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் என்று இன்றுவரை என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மிச்சம் ஆறு வீட்டுக்காகப் போனேன். தெருமுனையிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வழக்கமாக இருபத்தேழு மீன் கடைகள் இருக்கும். அன்று நான்குதான். பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள். கையில் ரேஷன் அட்டை, கரண்டு பில். ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு குடும்பம் பாயும் குக்கருமாக இறங்கிக்கொண்டிருந்தது.

முதல்நாள் எனக்கு நாற்காலி போட்ட அம்மாள் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அலையை அடக்கும் குரல்.

"இன்னா நைனா, எத்தினி நாள் டைம் குடுப்பீங்க?"

"எதற்கம்மா?"

"வூட்டக் காலி பண்ணத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் வீடுகளைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். வெள்ளைச் சட்டை, அட்டை, பேனா, "வீட்டில் எத்தனை பேர்?" என்ற கேள்வி. கணக்கு எழுதிப் போன சில மாதத்தில் குடும்பங்களைப் புறநகருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கணக்கில் பேர் விட்டுப் போனவர்களுக்கு அங்கே கொடுக்கும் மாற்று வீடும் கிடையாது. ஏற்கெனவே அப்படிப் போன பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஆறு பேர் என்று சொல்லியிருக்கிறார்கள். பாயோடு வந்து இறங்கிய குடும்பம், நேரில் இல்லாவிட்டால் பேர் போய்விடும் என்று அலறியடித்துக்கொண்டு வந்தது. அன்று ஒருவரும் மீன் ஏலத்துக்குப் போகவில்லை. அத்தனைக்கும் காரணம் நான்.

"அம்மா, நான் அதிகாரி இல்லை. நான் ஸ்டூடண்ட்" என்றேன்.

தெருவே சிரித்தது. "கேட்டியாடி? ஸ்டூடண்ட்டாம்! எந்த ஸ்கூலு நைனா, யூனிபாரம் எங்க?" நான் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது கை மாறி மாறிப் போயிற்று. "போட்டோல கூட கெய்வன்தான்டி!" என்றார் ஒருவர். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. "ஏமாத்தவா பாக்கிற? இன்னிக்கு பொழப்ப வுட்டுட்டு நிக்கிறோம்" என்று ஓர் ஆள் என் பரீட்சை அட்டையைப் பிடுங்கினார். அதில் இருந்த முப்பத்து நான்கு படிவங்களும் மணலில் விழுந்தன. என்னைச் சுற்றி இருபது பேருக்கு மேல் இருக்கும். என் வாழ்க்கையில் எண்ணுவதை நான் பாதியில் நிறுத்தியது அப்போதுதான்.

அந்த நேரத்தில் அவள் வந்தாள். தோளில் பயணப் பை, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மா போனில் கூப்பிட்டிருக்கிறார். கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"ஏய், இந்த ஆளு உங்கூட படிக்கிறானாமே? நீதான் இட்டாந்தியா?" என்றார் அந்தப் பெரிய குரல் அம்மாள்.

'நான் போக வேண்டாம் என்றேன், அவராக வந்தார்' என்று அவள் சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை. அவள் அங்கேயே வாழ வேண்டியவள். நான் அடுத்த பஸ்ஸில் மந்தைவெளிக்குப் போய்விடுகிறவன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா அத்தை, எங்க குரூப்புதான். நாலு பேர்ல இவரும் ஒருத்தர். தப்பு எங்களுது. மொதல்லயே வந்து உங்ககிட்ட சொல்லிக் கேட்ருக்கணும்."

பையைக் கீழே வைத்துவிட்டு மணலில் கிடந்த படிவங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒவ்வொன்றிலும் இருந்த பேரைச் சத்தமாகப் படித்து, அந்தந்த வீட்டாரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "கிழிச்சிடுங்க. இது யாருக்கும் போவாது" என்றாள். முப்பத்து நான்கும் போயின. என் மூன்று நாள் உழைப்பு என் கண் முன்னால் கிழிபடும் சத்தம் கேட்டது. பட்டம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் மட்டும் தன் படிவத்தைக் கிழிக்கவில்லை. "இவன் நம்மள முப்பத்தெட்டு கேள்வி கேட்டான்ல? இப்ப நாம கேக்கலாம். குந்து நைனா" என்று ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். எழுத்து தெரியவில்லை என்று என் மூக்குக்கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டார்.

"குடும்பத்துல எத்தினி பேரு?"

"ஒருத்தர்."

"நல்லா எண்ணிச் சொல்லு. வெளியூருல கீற புள்ளைங்களையும் சேத்துக்கோ, தப்பில்ல."

கூட்டம் சிரித்தது.

"வூட்ல குடிப்பழக்கம் கீதா?"

"இல்லை."

"பொய் சொல்றான் பாரு! நாமளும் இப்டித்தான் சொன்னோம்."

நானும் சிரித்துவிட்டேன். இப்படியே போய் இருபத்தொன்பதாவது கேள்வி வந்தது. உறவுகளின் போக்குவரத்தை அளக்க என்று நானே சாமர்த்தியமாக எழுதிய கேள்வி.

"கடசியா உன் வூட்டுக்கு விருந்தாளி யாரு வந்தாங்க, எப்ப?"

எண்ணத் தொடங்கினேன். போன மாதம் இல்லை. பொங்கலுக்கு இல்லை. அதற்கு முந்தைய தீபாவளிக்கு... மனைவியின் காரியத்துக்கு வந்தவர்களை விருந்தாளி என்று எழுதலாமா? இந்தக் கேள்வியை முப்பத்து நான்கு வாசலில் நின்று, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "சரி வுடு நைனா. அதுக்கு ஒரு கோடு போட்டுக்கலாம்" என்றார். யாரோ டீ வாங்கிவரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றும் வியந்து வியந்து நினைத்துப் பார்க்கிறேன். யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே பேசினார்கள். புறநகருக்குப் போன மகன் ஏலத்துக்காக இரண்டு பஸ் மாறி வருவதை ஒருவர் சொன்னார். இங்கே பாதி அங்கே பாதி என்று சமைத்துக் கட்டிக் கொடுப்பதை இன்னொருவர் சொன்னார். கணக்கெடுக்க யார் வந்தாலும் எந்தப் பதிலைச் சொல்வது என்று தெருவே பேசி முடிவு செய்து வைத்திருப்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தப் பெண் மணலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பையில் நோட்டு இருந்தது. எடுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகுதான், "இத எழுதிக்கலாமா அத்தை?" என்று கேட்டாள்.

"பேரு போடாத. எழுதிக்கோ."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஐந்து வாரம் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாற்பது வீடு கேட்ட இடத்தில் பத்தொன்பது வீடுகளோடு ஆய்வை முடித்தோம். முப்பத்தொரு வீட்டார் ஏன் ஒரே பொய்யைச் சொன்னார்கள் என்பதே எங்கள் முதல் அத்தியாயம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். வேளச்சேரித் தம்பி பத்தாவது கட்டைவிரலை அனுப்பினார். வங்கி அம்மாள் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தார். நால்வரும் தேறினோம்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை, நான் பேராசிரியரைப் பார்க்கப் போயிருந்தேன். என் மின்னஞ்சலை மறந்துவிடுங்கள், அவள் பெயரை முதலில் போடுங்கள் என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். வியாழக்கிழமை மாலையே அவளுக்குப் போன் செய்து, நான் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினாராம். அவள், "அங்கிள் சொல்றது சரிதான் சார், நான் ஒரு ஃபார்ம்கூட நிரப்பல" என்று மட்டும் சொன்னாளாம்.

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை காலையில், கோபத்தில் இருந்த தன் ஜனங்களுக்கு நடுவே என்னைப் பார்த்த அந்த ஒரு நொடியில், குழுவிலிருந்து தன் பெயரை அடிக்கச் சொன்னவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் "எங்க குரூப்பு" என்று சொல்லியிருக்கிறாள். இதைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்கத் துணியவில்லை. என்னை விட்டுக்கொடுக்க எல்லா நியாயமும் இருந்தும் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் மனது அந்த வயதில் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம், இன்னொருவரைப் பற்றி ஒரு குறை எழுத இன்றும் என் கை தயங்குகிறது.