அம்மை வந்திருக்கா என்று கேட்கப் போனவள்

ஊசி குத்த வந்தவளுக்கு நாற்காலி போட்டு, மோரும் கொடுத்துவிட்டுப் பிறகு கையை நீட்டுகிற ஜனங்கள் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம்தான் இருக்கிறார்கள். சின்னம்மைத் தடுப்பூசி எல்லோருக்கும் வருவதற்கு முன்னால், யார் யார் உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பார்க்கிற வேலை எனக்கு. ஒரு படிவம், ஒரு சின்னக் குழாய் ரத்தம். வீடு வீடாக அலைந்தவர்களுக்கு மீதியை நான் சொல்லவே வேண்டாம்.

படிவத்தில் உள்ளபடி

குடவாசல் பக்கம் ஒரு கிராமம். நடவு முடித்துக் காலில் சேற்றோடு வந்தார் ஓர் அக்கா. "சின்னம்மை நோய் வந்ததுண்டா?" என்று வாசித்தேன். இல்லவே இல்லை என்றார். நெற்றியிலோ இரண்டு தழும்பு. அது என்னக்கா என்றேன்.

"அது ஆத்தா போட்ட முத்துங்க. அதப் போயி நோயிங்கிறீங்களே, கன்னத்துல போட்டுக்குங்க!"

பாய் கேட்ட கேள்வி

வேலைக்கு எடுக்கும்போது, சின்னம்மை வந்தவர்கள் மட்டும்தான் வேண்டும் என்றார்கள். அம்மா இல்லாமல் விடுதியில் வளர்ந்தவள் நான். எனக்கு வந்ததா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. வேலை வேண்டுமே, 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டேன். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். கர்ப்பிணிக்கு அம்மை கண்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயிற்சியில் எங்களுக்கே பாடம் நடத்தியிருந்தார்கள்.

பேராவூரணியில் ஜவுளிக்கடை பாய், அழுத பேத்திக்குத் தைரியம் வர முதலில் தன் கையை நீட்டினார். ஊசியை எடுத்ததும் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஊரையே கேக்குறீங்களேம்மா, உங்களுக்கு வந்திருக்கா?"

சாத்திய கதவு

அடுத்த வாரம் பூம்புகார் பக்கம் ஒரு மீனவர் வீடு. வாசலுக்கு வந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார். படாரென்று கதவைச் சாத்தினார். அந்த வெயிலில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம்தான் நிலையில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பேரனுக்கு அம்மா வந்திருக்கு. புள்ளத்தாச்சி இங்க நிக்கக் கூடாது, போயிடு கண்ணு!"

என் ரத்தம்

நேராக லேபுக்குப் போனேன். வேலை போனால் போகட்டும் என்று அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டிக்கொண்டே என் ரத்தத்தை எடுத்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட். எதிர்ப்புச் சக்தி இருக்கிறது! எந்த வயதிலோ எனக்கு அம்மை கண்டு, யாரோ என்னைக் கவனித்துத் தேற்றியிருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த மகராசியை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"பொய்யின்னு நெனச்சு உண்மைய எழுதின ஒரே ஆளு நீதாம்மா."

ஊரெல்லாம் கதவைத் திறந்ததால் எனக்குச் சம்பளம் வந்தது. ஒருத்தி சாத்தியதால்தான் புத்தி வந்தது.