இடது பின் டயர்

என் அண்ணன் கார்ப் பந்தயத்தில் ஓட்டியவன் என்றால் இப்போதும் பலர் நம்புவதில்லை. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாது. சென்னைக்குப் பொறியியல் படிக்கப் போனான். மூன்றாம் வருட விடுமுறைக்கு வந்தபோது முழங்கையில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. விடுதியில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். என்னிடம் மட்டும், சைலன்சரில் பட்டது என்றான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் நாட்டின் முதல்தரப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கார். அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் பேச்சை நிறுத்தினான். ஓட்டுவதை நிறுத்தவில்லை.

மாசியில் பந்தயங்கள் தொடங்கும். அதற்கு முன்னால் காரையும் டயரையும் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். எந்த டயர் எத்தனை சுற்று தாங்கும், எவ்வளவு காற்று அடைக்கலாம், எந்த ஓரம் சீக்கிரம் தேய்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அந்த வருடம் மார்கழி முடிந்தும் சென்னையில் மழை விடவில்லை. பந்தயத் தடத்தில் தண்ணீர் கட்டி நின்றது. ஒரு டயர் கம்பெனி புதிதாகச் செய்த இரண்டு வகை டயர்களை அண்ணனுடைய அணிக்கு அனுப்பி, சோதித்துச் சொல்லும்படி கேட்டிருந்தது. ஒரு வகை கடினமான ரப்பர். மற்றது மென்மையானது, தரையை நன்றாகக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சூடாகும். எங்கள் ஊரில் வெயில் அடிக்கிறது, காரை இங்கே அனுப்புங்கள் என்று அண்ணன் அணியின் முதலாளியிடம் சொன்னான். கார் லாரியில் வந்து இறங்கியது.

ஊருக்கு வடக்கே, மதுரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் உடைமர முட்காடு. வெடிப்புகளில் புல் முளைத்திருந்தாலும் நடுப்பகுதி கெட்டியாகத்தான் இருந்தது. தார் டிரம்களை வைத்துத் திருப்பங்கள் அமைத்து அண்ணன் அதில் ஒரு சுற்றுப் பாதை போட்டான்.

மெக்கானிக் மேலப்பாளையத்துக்காரர். ஒன்பது வருடம் சவூதியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், நாற்பதைத் தாண்டிய மனிதர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அண்ணனை அவர் தம்பி என்பார், என்னைத் தங்கச்சி என்பார். நான் அப்போது கணிதம் இளங்கலை கடைசி வருடம். பொங்கல் விடுமுறை.

"ஏட்டி, நம்பர்னா உனக்குத்தான் பைத்தியம். வந்து மூணு நாள் நோட்டு எழுதித் தா" என்றான் அண்ணன்.

தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டேன்.

என் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும். கார் வந்து நின்றதும் பாய் ஓடிப்போய் ஊசிமுனை கொண்ட வெப்பமானியை ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் குத்துவார். உள் ஓரம், நடு, வெளி ஓரம். அவர் சத்தமாகச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசிக் கட்டம் குறிப்புக்கு. யார் என்ன சொன்னாலும் அதில் எழுதிவிட வேண்டும் என்பது அண்ணன் வைத்த சட்டம். "பின்னால நமக்கே மறந்துபோகும், அதுக்குத்தான்" என்பான்.

அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. வெயில் தகிக்கும், காதில் பஞ்சு, வாயெல்லாம் புழுதி. கார் தூரத்து டிரம்மைச் சுற்றித் திரும்பும்போது சத்தம் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறும். அதை வைத்தே இந்தச் சுற்று வேகமா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகிவிட்டேன். மத்தியானம் மூவரும் லாரி நிழலில் உட்கார்ந்து பாய் வீட்டு நெய்ச்சோறு சாப்பிடுவோம். அண்ணன் ஒரு கையில் சோற்றை வைத்துக்கொண்டே மறு கையால் என் நோட்டைப் புரட்டுவான்.

முதல் இரண்டு நாள் கடின டயர்கள். குறை ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மென்மையானவற்றை மாட்டினார்கள். பதினைந்து சுற்று ஓட்டி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முதல் சுற்றிலிருந்தே நேரம் குறைந்துகொண்டு வந்தது. நான் துள்ளிக்கொண்டிருந்தேன். பத்தாவது சுற்று முடிந்து அண்ணன் வந்து நின்றான்.

பாய் ஊசியைக் குத்திச் சொல்லிக்கொண்டே வந்தவர் இடது பின் டயரின் உள் ஓரத்தில் நின்றார். மறுபடி குத்தினார். பாதை முழுக்க வலப்பக்கத் திருப்பங்கள் என்பதால் பாரமெல்லாம் இடது பக்கம்தான் விழும், அந்தப் பக்கம் கொஞ்சம் சூடு கூடுவது வழக்கம். இது கொஞ்சம் இல்லை. அவர் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். அப்பளத்தில் எழும்புகிற மாதிரி கொப்புளங்கள்.

"தம்பி, இது வேண்டாம். ரப்பர் உள்ளுக்குள்ள வேகுது. இறங்கிருங்க."

"இன்னும் அஞ்சு ரவுண்டுதான் பாய். கம்பெனிக்காரன் பதினஞ்சு கேக்கான்."

"பத்தோட நின்னுட்டுன்னு எழுதி அனுப்புவோம். அதுவும் ஒரு பதில்தான தம்பி."

அண்ணன் தலைக்கவசத்தோடு என் பக்கம் திரும்பினான். அவன் கண் மட்டும் தெரிந்தது. "ஏட்டி, நீ என்ன சொல்லுத?"

நோட்டில் ஐந்து கட்டங்கள் காலியாக இருந்தன. அதுவரை இல்லாத வேகம். இன்னும் எவ்வளவு குறையும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதுதான் உண்மை.

"அஞ்சுதான அண்ணே. போயிட்டு வா" என்றேன்.

அவன் கிளம்பியதும் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: பாய் வேண்டாம் என்கிறார். அண்ணன் ஐந்து சுற்று போகிறான். நானும் போகச் சொன்னேன்.

பதின்மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில், டயர் வெடித்தது. கார் பக்கவாட்டில் திரும்பியதைப் பார்த்தேன். அப்புறம் புழுதிதான். புழுதிக்குள் ஏதோ இரண்டு முறை உருண்டது. பாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கார் உடைமரங்களுக்குள் கவிழ்ந்து கிடந்தது, பாய் முட்களுக்குள் மண்டியிட்டிருந்தார்.

"தலையைத் தொடாதீங்க தங்கச்சி! லாரிப் பலகையை எடுத்துட்டு வாங்க."

நானும், கேபினில் தூங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவரும் பலகையைக் கொண்டுவந்தோம். அந்த லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க பாய் அண்ணனின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். அவர் புறங்கைகளில் முள் ஒடிந்து நின்றது.

கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

அப்பா வந்தார். வார்டு வாசலில் பாயைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "டயரை மாட்டுனது யாருவே?"

"நான்தான் ஐயா."

அவ்வளவுதான் அப்பாவுக்குத் தேவைப்பட்டது. பழுதான டயரைக் கவனமில்லாமல் மாட்டினார் என்று அன்று சாயங்காலமே புகார் எழுதிக் கொடுத்தார். அவர் வார்த்தைக்கு இன்னும் மதிப்பிருந்தது. மறுநாள் பாயை விசாரணைக்கு என்று அழைத்துப்போனார்கள். திருப்பி அனுப்பவில்லை.

நோட்டு என் கல்லூரிப் பைக்குள் இருந்தது. பாய் தடுத்தார் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அது. நான் போகச் சொன்னேன் என்பதற்கும் அதுதான் சாட்சி. ஆஸ்பத்திரியில் வந்து விசாரித்த இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நீயும் அங்க இருந்தியாம்மா?" என்று கேட்டார். அப்பா குறுக்கிட்டு, "அவ ஓரமா நின்னுட்டு இருந்திருக்கா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. டயர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வெடித்த டயரின் துண்டுகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, நோட்டு ஒன்று எழுதினீர்களாமே என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தக் களேபரத்தில் தொலைந்துவிட்டது என்றேன்.

நான்காம் நாள் காலை அண்ணன் கொஞ்சம் தெளிவாக இருந்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பாய் எங்கட்டி?"

"வருவாரு."

"வந்தா சொல்லு... அவர் சொன்னதுதான் சரின்னு."

அதற்குப் பிறகு அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை. அம்மாவிடம் இட்லி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன். இன்ஸ்பெக்டர் நோட்டை மெதுவாக வாசித்தார். அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு முறை வாசித்தார்.

"இது உன் எழுத்தா?"

"ஆமா சார்."

"நீ இங்க வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உன்னையும்லா இதுல எழுதி வச்சிருக்க."

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்."

அவர் பாயை வரச் சொன்னார். "ஏன்வே, இப்படி ஒரு நோட்டு இருக்குன்னு மூணு நாளா ஒரு வார்த்தை சொன்னீரா?" மத்தியானத்துக்கு மேல் அவரை விட்டுவிட்டார்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் பாய் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏன் பாய் சொல்லலை?" என்று மட்டும் கேட்டேன்.

"கடைசி வரியை நீங்க எழுதும்போது பாத்தேன் தங்கச்சி. நோட்டைச் சொன்னா அந்த வரியையும்லா சொல்லணும். உங்களை எப்படி அங்கன இழுக்க?"

அண்ணன் சொன்ன சேதியைச் சொன்னேன். "நான் சொன்னது தப்பாப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் பாய்.

நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அப்பா வார்டு வாசலை மறித்து நின்றார். "நீர் உள்ள போகப்படாதுவே."

"அப்பா, பாய் வேண்டாம்னுதான் சொன்னாரு. அண்ணனைப் போகச் சொன்னது நான். நோட்டைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ அந்நியப் பெண் வழி கேட்டது போலப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போ" என்றார். வாசலைவிட்டு நகரவில்லை.

"விடுங்க தங்கச்சி" என்று பாய் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் வீட்டுக்குப் போகவில்லை. அப்பா டாக்டரைப் பார்க்கப் போன சமயம் உள்ளே நுழைந்து அண்ணன் காதில் சொன்னேன்: "பாய் வெளிய உக்காந்திருக்காரு. நீ சொன்னதைச் சொல்லிட்டேன்." அவன் கண்ணை மூடித் திறந்தான். பாயை அழைத்துவர வெளியே ஓடுவதற்குள் அப்பா திரும்பி வந்துவிட்டார்.

ஆறாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டான். தாமிரபரணிக் கரையில் எரித்தார்கள். பெண்கள் போவதில்லை. கூட்டத்துக்கு வெகுதூரத்தில், மணலில் ஒருவர் கடைசிவரை தனியாக நின்றதாகச் சித்தப்பா வந்து சொன்னார். யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

விபத்து என்று எழுதி வழக்கை முடித்தார்கள். நோட்டைத் திருப்பித் தந்தார்கள். பன்னிரண்டு சுற்றுகளின் எண்களையும், குறிப்புக் கட்டத்தில் இருந்ததையும் ஒரு எழுத்து விடாமல் படியெடுத்து டயர் கம்பெனிக்குத் தபாலில் அனுப்பினேன். தொலையவில்லை, பொய் சொல்லிவிட்டேன் என்று கீழே எழுதினேன். ஒரு மாதம் கழித்து நான்கு வரிப் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அந்த மென்மையான ரப்பரை இந்தப் பருவத்தில் பயன்படுத்தப் போவதில்லை என்று எழுதியிருந்தார்கள். மாசியில் பந்தயங்கள் வழக்கம்போல நடந்தன.

சித்திரையில் ஒரு நாள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "எந்திரி, மேலப்பாளையம் போவோம்."

பாய் வீட்டுக் கதவை அவர் மனைவி திறந்தார். எங்களைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார். ஒரு வார்த்தை கேட்காமல் உட்காரக் கோரைப்பாய் விரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல அவுக செஞ்சது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பேசினார். "அவஹ போன மாசம் திரும்பவும் சவூதிக்குப் போயிட்டாஹ. கை நடுங்குதும்மா, ஸ்பானர் பிடிக்க முடியல. அங்கன வண்டி ஓட்டுத வேலை கெடச்சிருக்கு. நீங்க வந்தியன்னு கடுதாசில எழுதுதேன்."

அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் அழவில்லை. டீ ஆறுது, குடிங்க என்றார். அம்மா குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், எங்கே போனீர்கள் என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்; ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அம்மா சொன்னாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். ஆவணி வாக்கில் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தார். என் வேலையைப் பற்றி, என் கல்யாணத்தைப் பற்றி, கடைசியில் அவருடைய மாத்திரைகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த ஓடுதளத்தில் என்ன நடந்தது என்று அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. நானாக எடுத்துச் சொல்லவும் இல்லை. பாயிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.