மூன்று பியூஸ் கட்டைகள்

அப்பா வேலை முடிந்து வரும்போது முதலில் டீசல் வாடை வரும், பிறகுதான் அவர் வருவார். கை துடைப்பதற்காக மாமாவின் பனியன் கம்பெனியிலிருந்து வாங்கி வரும் ‘வேஸ்ட்’ துணி, ரோஜா நிறமும் இளநீலமுமாக அவருடைய சைக்கிள் பையில் பிதுங்கிக் கிடக்கும். திருப்பூருக்கு மேற்கே இருந்த ஒரு படை முகாமில் அவர் மெக்கானிக். ஜெனரேட்டர்களும் தண்ணீர் மோட்டார்களும் அவர் பொறுப்பு. சீருடை கிடையாது, யாரும் சல்யூட் அடிப்பதும் கிடையாது. முகாம் குடியிருப்பில் சிப்பாய்களின் பிள்ளைகளோடு வளர்ந்த எனக்கு அது பெரிய குறையாகவே இருந்தது.

அப்பாவுக்கு ஒரு விதி உண்டு. எந்த மோட்டாரைத் தொடுவதற்கு முன்பும் போர்டிலிருந்து, கரண்டை இணைக்கும் மூன்று ‘பியூஸ் கட்டை’களையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிடுங்கிய கைதான் திரும்ப மாட்ட வேண்டும். “சுவிட்ச நம்பறவன் சுடுகாட்டுக்கு முந்திப் போவான்” என்பார்.

அன்றைய தேதி என்னிடம் இல்லை. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து வந்த இரண்டாவது ஞாயிறு என்பது நிச்சயம். முதல் ஞாயிறு அனுப்பர்பாளையத்தில் மாமா வீட்டில் இருந்தோம். அன்று முகாம் பம்ப் ஹவுஸில் மோட்டார் நின்றுபோயிருந்தது. நான் சோறு கொண்டு போயிருந்தேன். மோட்டார் இருந்த குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்ததால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, கட்டைகளை என் பாவாடை மடியில் போட்டார். அவருடைய உதவியாள், தினக்கூலி ரங்கன், மேல்தொட்டி வால்வைத் திறக்கப் போயிருந்தார்.

“நா வந்து கேட்டாத்தான் குடுக்கோணும் கண்ணு. பெரிய ஆபீசரே கேட்டாலும் குடுக்காத.”

நான் வெளியே வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். எதிரே குழாயடியில் குடங்களோடு வரிசை. அதில் என் வகுப்புத் தோழி ஜெயா நின்றிருந்தாள், திருநெல்வேலிக்காரி. “எங்கப்பா துப்பாக்கி பிடிக்காவ. ஒங்கப்பா ஸ்பேனருல்லா பிடிக்காவ” என்றாள். வரிசையே சிரித்தது.

அந்த நேரம் ரங்கன் திரும்பி வந்தார். “அப்பா முடிச்சுட்டாருங்களா அம்முணி?”

ஜெயா பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் என் ஒரு சொல்லில்தான் வருகிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. “முடிச்சாச்சுங்க” என்று கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.

ரங்கன் மாட்டி சுவிட்சைப் போட்டார். குழிக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவரே பாய்ந்து சுவிட்சை இறக்கி, அப்பாவைத் தோளில் தூக்கி வந்தார். அப்பாவின் உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை.

மறுநாள் முகாம் ஆபீசில் விசாரணை. “பாப்பா முடிஞ்சுதுன்னு சொல்லுச்சுங்க, அத நம்பி மாட்டிப்போட்டனுங்க” என்றார் ரங்கன். தலைமை எழுத்தர் என் பக்கம் திரும்பினார்.

“நான் சொல்லலீங்க. அவராத்தான் வாங்கிட்டுப் போனாருங்க.”

ரங்கன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுத்தரிடம், “சின்னப் புள்ள, பயந்துக்கிச்சுங்க. உடுங்க” என்றார். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா ஒரே ஒருமுறை கேட்டார்: “ரங்கன் கேக்காம மாட்டறவன் இல்லியே கண்ணு?” தெரியாது என்றேன். அவர் பிறகு கேட்கவே இல்லை.

அப்பா இன்று இல்லை. பம்ப் ஹவுஸை இடித்துவிட்டார்கள். புது மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கிறதாம். நான் எங்கள் பகுதியின் கிணறுகள், பழைய கட்டடங்கள், பஸ் தடங்கள் பற்றியெல்லாம் ஆண்டுவாரியாகக் குறிப்பு எழுதி வைத்திருப்பவள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பட்டியலும் அதில் உண்டு: பெயர், ஊர், சேர்ந்த மாதம். ரங்கனுக்கு நேரே ‘கணியூர்ப் பக்கம்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் கணியூர் போனேன். “எந்த ரங்கனுங்க? இங்க வீதிக்கு ஒருத்தர் இருக்காங்க. அப்பன் பேரு என்னங்க?” என்றார் டீக்கடைக்காரர். எனக்குத் தெரியவில்லை. “பரவால்லீங்க, சேதி என்னன்னு சொல்லுங்க. வயசான ரங்கனுங்க எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடறேன்” என்று சிரித்தார்.

கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒண்ணுமில்லீங்க, சும்மா தெரிஞ்சவர் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.